வேலியோர முட்டை அலமாரி

சிக்னெட், டாஸ்மேனியா
ஏப்ரல் 6

முட்டைக்கார அம்மாவுக்கு,

வேலியோர அலமாரியில் முட்டையை விற்பனைக்கு வைத்துவிட்டு, நான் காசு போட்டு எடுப்பதை ஜன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்ப்பது நீங்கள்தானே? பயப்படாதீர்கள், கையசைக்க மாட்டேன்.

ஒரே ஒரு குறை. உங்கள் முட்டை பீங்கான் மாதிரி மின்னுகிறது, ஆனால் சீக்கிரம் கெட்டுப்போகிறது. என் மகள் மோய்ரா, "அந்தம்மா முட்டையக் குளிப்பாட்டி அனுப்புறாங்கப்பா, பவுடர்தான் பூசல" என்று சிரிக்கிறாள். கழுவினால் ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விடும். முட்டைக்கு அதுதான் காவல். கொஞ்சம் அழுக்கு இருந்தால் குற்றமில்லை.

கிளைவ்
படகுத்துறை வீடு

ஏப்ரல் 13

மதிப்புக்குரிய கிளைவ் அவர்களுக்கு,

அலமாரியில் நீங்கள் வைத்துப்போன கடிதத்தைத் தொடவே எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது. கோபிக்க வேண்டாம்.

நீங்கள் சொன்னது எனக்கும் தெரியும். தெரிந்தும் கழுவுகிறேன். கழுவாததைத் தின்று யாரோ செத்துப்போவதாக மனசு படம் காட்டும். கழுவினாலும், "சரியாக் கழுவினியாடி?" என்று கேட்கும். கை வெடித்து எரிகிறது. ஆட்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதற்காகத்தான் இந்த அலமாரியே.

ஆனால் சனிக்கிழமைகளில், பனிமூட்டத்துக்குள் உங்கள் மஞ்சள் மழைக்கோட்டு மட்டும் மிதந்து வரும். வீடு, சாலை, ஆப்பிள் மரம் எதுவும் இருக்காது. அப்போது எனக்குப் பயமே இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

ரோவெனா

மே 4

அன்புள்ள ரோவெனா,

சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. இடுப்பு மக்கர் பண்ணுவதால் மோய்ரா என்னை ஹோபார்ட் நகரத்துக்கே கூட்டிப் போகிறாள். "அங்க கடையில முட்டை கிடைக்காதாப்பா?" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்!

வரும் சனிக்கிழமைதான் கடைசி. உங்கள் முகத்தை ஒருமுறை பார்க்க ஆசை. முடியாவிட்டால் பரவாயில்லை, திரை அசைந்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

கிளைவ்

மே 10, சனிக்கிழமை

அன்புள்ள கிளைவ்,

இந்தக் கடிதத்தோடு ஒரே ஒரு முட்டை வைத்திருக்கிறேன். காலையில் கோழிக்கு அடியிலிருந்து எடுத்தது. இன்னும் வைக்கோல் ஒட்டியிருக்கிறது. குழாயடி வரை கொண்டுபோனேன், திரும்பக் கொண்டுவந்தேன், மறுபடி கொண்டுபோனேன். அழுதேன். கழுவவில்லை.

நீங்கள் போவது எனக்குப் பிடிக்கவே இல்லை.

படித்தாயிற்றா? இப்போது தலையை நிமிர்த்துங்கள். வேலிக்கு இந்தப் பக்கம், பனிக்குள் நிற்பது திரைச்சீலை இல்லை, நான்தான். என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதலில் நீங்களே பேசிவிடுங்கள்.

ரோவெனா