கதவில் ஒட்டின உத்தரவு

தாமுவே, ரங்கூன்
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுத பிறகு

அன்பு மகன் பைசலுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அக்கா சமீனாவும் அவள் மகள் ஹுஸ்னாவும் அல்லாஹ் காவலில் சுகம். அமெரிக்காவில் அடைத்து வைத்திருக்கிற அந்தக் கட்டடத்தில் நீ சுகமாக இருக்கணும் என்றுதான் ஐந்து வேளையும் கேட்கிறேன். போனில் பேசக்கூடாத சங்கதி, சுவருக்கும் காது உண்டு, அதனால் எழுதுகிறேன். பக்கத்துத் தெரு பெர்சிஸ் டீச்சர் பேங்காக் போகிறாள், அங்கே தபாலில் போடுவாள். அஞ்சாம் வகுப்புக்காரி எழுத்து, நிறுத்தி வாசி.

பெரிய கோர்ட்டில் மூணு ஜட்ஜுகளில் ரெண்டு பேர் உன் பக்கம் நின்று, கீழ்க் கோர்ட்டு உன் வழக்கை மறுபடி விசாரிக்கணும் என்று தீர்ப்பு எழுதினதாகச் சொன்னாயே, எனக்குத் தரையில் கால் பாவவில்லை. என் மகன் பேரை அவ்வளவு பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடைசியில் நீ இன்னொன்று சொன்னாய். நீ இந்த வீட்டுப் பிள்ளைதான், திருப்பி அனுப்பினால் பட்டாளத்துக்குப் பிடிப்பார்கள் என்று காட்ட வக்கீலுக்கு, வீட்டில் யார் யார் என்று வட்டார ஆபீசில் எழுதி வைத்திருக்கிற நம்ம வீட்டுப் பட்டியல் நகல் வேணும் என்றாய். அந்தப் பட்டியலில் நீ உயிரோடு இல்லை வாப்பா.

உன்னிடம் மறைத்தேன், மன்னித்துக்கொள். போன வருஷம் வட்டார ஆபீசில் பட்டியலைப் பார்த்துப் பையன்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். வேலம்மா மகன் பேர் விழுந்து அவன் ஓடிப் போனதும், அவள் புருஷனைக் கொண்டுபோய் லாக்கப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். உன் பேர் விழுந்தால் நம் வீட்டில் சமீனாவை இழுப்பார்களோ என்று பயந்து நான் போய், என் மகன் தாய்லாந்து எல்லையில் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டான், அங்கேயே அடக்கியாச்சு என்று சொன்னேன். கிளார்க் உ சோ சிவப்பு மையால் உன் பேர் மேல் கோடு இழுத்தார். பேனாவை மூடிக்கொண்டே, நாப்பதாம் நாள் சோறு எப்போ டோ ரஹீமா, சொல்லி அனுப்பு, வருகிறேன் என்றார். போடாவிட்டால் நம்பமாட்டார், நம்ம ஆட்களில் நாப்பது போடாத மௌத்து உண்டா. போட்டேன். மனுஷர் ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டு, கறி நல்ல பதம் என்று வேறு சொன்னார். மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத், இறந்துபோன மர்ஹூம் பைசலுக்கு என்று துஆ ஓதினார், எல்லாரும் ஆமீன் சொன்னார்கள், என் வாயும் சொல்லிவிட்டது. அந்த நேரம் உனக்கு அங்கே விடியற்காலை. வேலைக்குக் கிளம்பின உன்னை வழியில் மறித்துப் பிடித்ததும் அந்த விடியற்காலையில்தான்.

வீட்டில், சின்ன வாய் என்று ஹுஸ்னாவிடம் மட்டும் நிஜத்தைச் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டபோது அவள்தான் போனை எடுத்தாள். பயப்படவே இல்லை. பர்மாப் பிள்ளைகள் பாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி, ஃபுவா, மௌத்தான மாமா பேசுகிறார், அங்கே ரொம்பக் குளிராம் என்று என் கையில் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அன்றிலிருந்து தன் போர்வையை வாசல்படியில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். திரும்பி வரும்போது அது அழகாக மடித்து இருக்கிறது. மடித்தது நான் இல்லை, சமீனாவும் தான் இல்லை என்கிறாள். அந்தக் கோர்ட்டில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டும்தான் படிப்பார்கள் என்று நீ சொன்னதை ஹுஸ்னாவிடம் சொன்னேன், அங்கே எல்லாரும் மௌத்தானவங்களா ஃபுவா என்று கேட்கிறாள்.

இதெல்லாம் எதிர்வீட்டு பர்மாக்காரி டோ டின் காதுக்குப் போச்சு. அவள் புருஷன் ரயில்வேயில் வேலை பார்த்து வெளியூரில் இறந்தவர். அவர் ஆவி வேலையைவிட்டு வரட்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டரே விடுதலைக் காகிதம் எழுதிக் கொடுத்தாராம், பர்மாக்காரர்களுக்கு அது வழக்கம். உன் மகனை யாரும் விடுவிக்கவில்லை, அதான் சுற்றுகிறான் என்று அதே மாதிரி ஒரு காகிதம் உ சோவிடம் சீல் போட்டு வாங்கி வந்து நம் கதவில் ஒட்டிவிட்டாள். ரஹீமா மகன் பைசல், இந்த வட்டாரத்தில் உன் பொறுப்பு முடிந்தது, இனி இந்த விலாசத்தில் நிற்காமல் போ என்று இருந்தது. கிழிக்க முடியுமா, தாங்க்யூ சொல்லி டீ கொடுத்தேன். இந்தத் தீர்ப்புக்கெல்லாம் முந்தின சங்கதி இது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, நீ கூப்பிடவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மூணு வெள்ளி என் மகனை நானே விரட்டிவிட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். நாலாவது வெள்ளி நீ கூப்பிட்டு, வேறு ஜெயிலுக்கு மாற்றினார்கள், இங்கே திருப்பி அனுப்ப இருந்த அன்றைக்குப் பெரிய கோர்ட்டு, நாங்கள் முடிவு சொல்லும்வரை இவனை அனுப்பாதே என்று உத்தரவு போட்டது என்றாய். இங்கே ஒரு காகிதம் போ என்கிறது, அங்கே ஒரு காகிதம் இரு என்கிறது.

இப்போ நீ பட்டியல் கேட்டதும் ஒரு முடிவு எடுத்தேன். கூடவே வைத்திருக்கிற தாளில், என் மகன் உயிரோடு இருக்கிறான், அவன் மௌத்தானதாகச் சொன்னது பொய், அவனைப் பட்டாளத்திலிருந்து காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். கதவில் இருந்த காகிதத்தையும் வெந்நீர் தொட்டு உரித்து இதோடு வைத்திருக்கிறேன், உன் பேரும் விலாசமும் உ சோ சீலும் அதில் இருக்கிறது, வக்கீல் பார்க்கட்டும். இது இங்கே தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். சமீனா பேரையும் பிள்ளை பேரையும் தின்கன்ஜூனில் உன் மச்சான், சமீனா புருஷன் வீட்டுப் பட்டியலுக்கு மாற்றியாச்சு. இந்த வீட்டுப் பட்டியலில் இனி நான் ஒருத்திதான். யார் வந்து கேட்டாலும் பதில் சொல்லிக்கொள்வேன். நீ உம்மாவை நினைத்து அந்தத் தாளைக் கொடுக்காமல் வைத்துவிடாதே.

தலையை மூடிக்கொண்டு தூங்கு. தொழுகையை விடாதே. ஹுஸ்னா போன் எடுத்தால் குளிர் என்று மட்டும் சொல்லாதே. உரித்த கதவைப் பார்த்து, மாமா இனி வரலாமா என்று கேட்டாள். எல்லாத் தாயும் மகனை வா என்றுதான் கூப்பிடுவாள், நான் வராதே என்று துஆ கேட்கிறேன். அல்லாஹ் உன்னை நீண்ட ஆயுளோடு தூரத்திலேயே வைக்கட்டும்.

கைநாட்டு இல்லை, அந்தத் தாளில் போட்ட அதே கையெழுத்துத்தான் இதிலும்,

உயிரோடு இருக்கிற பைசலின் உம்மா
ரஹீமா பீவி