நீ ஆடச் சொன்ன நாள்

காரின் டிக்கியைச் சுத்தம் செய்தபோது உன் சிவப்பு ஷூக்கள் கிடைத்தன. நீ போன பிறகு, ஒனிஹங்காவில் இருக்கும் பழைய பொருள் கடையில் கொடுக்கச் சொல்லி உன் கணவர் தந்த பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். இரண்டிலும் முன்பக்கம்தான் தேய்ந்திருக்கிறது. நீ சும்மா நிற்கும்போதுகூட நுனிக்காலில்தான் நிற்பாய்.

இங்கே வெளிநாட்டில், ஈஸ்ட் டாமாக்கி கிடங்கு அலுவலகத்தில் நான் சேர்ந்தபோது, மின்னஞ்சலில் உன் பெயரைப் பார்த்து வெள்ளைக்காரி என்றே நினைத்தேன். நேரில் வந்து, "டப்பால என்ன, எலுமிச்ச சாதமா?" என்று பெரம்பூர்த் தமிழில் கேட்டாய். மும்பை யூதக் குடும்பம், அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, வளர்ந்ததெல்லாம் சென்னை என்று பிறகு சொன்னாய்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றி வரவேற்கும் யூத ஓய்வுநாள் உனக்கு வியாழனன்றே தொடங்கிவிடும். ரொட்டிக்கு மாவு பிசைவதையும் யார் யார் சாப்பிட வருகிறார்கள் என்பதையும் கல்யாண வீட்டுக்காரி மாதிரி சொல்லிக்கொண்டிருப்பாய். நானும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள்தான். தீக்குச்சி அணைவதற்குள் கை போனுக்குப் போய்விடும். அதை ஒருநாள் வேடிக்கையாகச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "வீட்டுக்கு யாராவது வந்தா இப்படியா வாங்கன்னு சொல்லுவ?" என்று மட்டும் கேட்டாய்.

உன் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிய வருடம், சிம்ஹத் தோராவுக்கு என்னையும் அழைத்தாய். தோரா என்னும் வேதச் சுருளைக் கடைசி வரை வாசித்து முடித்து, உடனே முதலிலிருந்து தொடங்கும் நாள் அது. சுருள்களை மார்போடு அணைத்துக்கொண்டு எல்லோரும் ஆடுவார்கள். உன் கணவர் ஒரு சுருளை ஏந்த வேண்டியிருந்ததால் உன் பக்கத்தில் ஆள் தேவைப்பட்டது.

பாட்டு தொடங்கியதும் சக்கர நாற்காலியிலிருந்து கை நீட்டினாய். இடுப்பைப் பிடித்து எழுப்பி நிறுத்தினேன். ஜெப ஆலயமே நம்மைச் சுற்றிக் குதித்தது. நான் மரம் மாதிரி நின்றேன். அங்கே புடவை கட்டியவள் நான் ஒருத்திதான். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்று கூசிப்போனேன். உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை.

என் காதருகே, "பிடிச்சிக்கிட்டே நிக்காதடி, ஆடு. என்னால முடியாததையும் சேத்து ஆடு," என்றாய்.

உனக்கு மூச்சு வாங்குகிறது, டாக்டர் திட்டுவார் என்றெல்லாம் சொல்லி உன்னை மறுபடி உட்கார வைத்தேன். உனக்கு மூச்சு வாங்கவில்லை. அது நம் இருவருக்குமே தெரியும். நீ கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பாட்டு முடியும்வரை தட்டிக்கொண்டிருந்தாய். வீட்டில் இறக்கிவிட்டபோது, கூட வந்ததற்கு நன்றி சொன்னாய். அந்த நன்றியை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

அடுத்த சிம்ஹத் தோராவுக்கு நீ இல்லை. உன் கணவர் கூப்பிட்டார், போனேன். சுவரோரம் நின்றிருந்த என்னை யாரோ ஒரு பெண் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டாள். ஆடினேன். தாளம் தப்பி, வார்த்தை தெரியாமல், வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டு ஆடினேன். சுருளோடு என்னைக் கடந்துபோன உன் கணவர் அழுதுகொண்டே சிரித்தார்.

இவ்வளவு சுலபமாகவா இருந்தது என்று அங்கேயே வெட்கிப்போனேன். அன்றைக்கு உனக்கு ஒரு முழுச்சுற்றுகூட வேண்டியிருந்திருக்காது, அரைச்சுற்று போதும். அந்த அரைச்சுற்றைத்தான் உனக்குக் கொடுக்காமல் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.