நகர மன்ற மேடையின் அறுக்கப்பட்ட உத்தரம்

அனுப்புநர்:
நாடக நடிகை,
நகர மன்றப் பின்சந்து.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: மன்ற மேடையில் என் தங்கை இறந்தது – விசாரணை அறிக்கையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி மன்றம், வெள்ளைக்கார அதிகாரிகள் தங்களுக்குள் நாடகம் போட்டுப் பார்த்துக்கொள்ளக் கட்டியது. அந்நாளில் நம்மவர்கள் திரை இழுக்கவும் விசிறி இழுக்கவும் மட்டுமே உள்ளே போனார்கள். வெள்ளைக்காரர்கள் போன பின் அது பொதுமக்களுக்கு வந்தது. எங்கள் குழு முப்பது ஆண்டுகளாக அங்கே நாடகம் நடத்தியது. எத்தனை ஆட்டம் ஆடியும் மேலிருந்து ஒரு தூசி விழுந்ததில்லை.

2. பின்னர் மேடைக்கு நேர்மேலே உள்ள அறைக்கு வரிப்பிரிவு அலுவலகம் குடிவந்தது. அதிகாரியின் கழிப்பறைக்குக் குழாய் இறக்க, நடு உத்தரத்தைப் பாதிக்கு மேல் அறுத்தார்கள். நாங்கள் முறையிட்டபோது நகராட்சிப் பொறியாளர், "அதெல்லாம் தாங்கும்மா, நீங்க போய் ஒத்திகையைப் பாருங்க" என்றார். குழாய் ஒழுகி, மிச்ச மரமும் ஊறிப்போனது.

3. சென்ற ஆண்டு, நாடகத்தின் கடைசிக் காட்சியில், அந்த உத்தரம் முறிந்து என் தங்கை மேல் விழுந்தது. நான் அலறிக்கொண்டு ஓடினேன். சபையோர் அதையும் நடிப்பென்று எண்ணிக் கைதட்டினார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை.

4. அதே பொறியாளர் எழுதிய விசாரணை அறிக்கை, "நடிகர்கள் அளவுமீறி ஆடிக் குதித்ததால் ஏற்பட்ட விபத்து" என்று முடிகிறது. என் தங்கை மகள் பள்ளியிலிருந்து வந்து, "பெரியம்மா, அம்மா ஆடினதாலதான் விழுந்துச்சாமே?" என்றாள். இல்லை என்றேன். "அப்புறம் ஏன் அப்படி எழுதியிருக்காங்க?" என்றாள்.

5. திங்கள் முதல் மன்றத்தை இடிக்கிறார்கள். அதைத் தடுக்க நான் கேட்கவில்லை. முறிந்த உத்தரம் பின்முற்றத்தில் தார்ப்பாய்க்கடியில் கிடக்கிறது. ரம்பம் பட்ட வாய் இன்னும் நேர்க்கோடாகத் தெரிகிறது. அது விறகுக்கு ஏலம் போய்விட்டதாகக் காவலாளி சொல்கிறார். லாரி வருமுன் வேறொரு பொறியாளர் வந்து பார்த்தால் போதும். முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. இதற்கும் வருமென்று நம்பி எழுதவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

6. வந்து பார்க்கத் தங்களுக்கு இயலாதெனில், "ஆடிக் குதித்ததால்" என்ற சொற்களை மட்டுமேனும் நீக்கித் தருமாறு பணிந்து வேண்டுகிறேன். அந்தக் காட்சியில் என் தங்கைக்கு இறந்தவள் வேடம். கண்ணை மூடி, மூச்சையும் அடக்கிக்கொண்டு படுத்திருந்தாள்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: மன்றப் பின்சந்து

தங்கள் கருணையை வேண்டி நிற்கும்,
(கையொப்பம்)
இறந்தவளின் அக்கா