மிச்சமிருக்கும் மூன்று சுற்று

கிரீஸ் வாசம் போகாத உன் நீலக் கையுறையைத்தான் இன்று காலை மாட்டிக்கொண்டேன். புதிதாக வந்த மூடிகளில் ஒன்றை எடுத்து, ஸ்பிரிங் போடாத வெற்று உருளையில் முழுக்க முடுக்கிவிட்டுக் கழற்றினேன். ஏழாவது சுற்றிலேயே கையோடு வந்துவிட்டது. பதினொன்று வர வேண்டும். உனக்குத் தெரியாததா?

பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, பதினெட்டு வயதில் நாம் இருவரும் ஒரே நாளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் சேர்ந்தோம். டாங்க் மாதிரி செயினில் ஓடும் வண்டி பள்ளத்தில் விழும்போது, சக்கரத்தைத் தாங்கும் கை மேலே எகிறி வண்டியில் இடிக்கும். அதைத் தடுக்கும் பம்பரைப் பூட்டுவதுதான் நம் வேலை. உள்ளே, நசுக்கி அடைத்த ஸ்பிரிங். மூடியை எட்டுச் சுற்று கழற்றினால் அது முழுக்கத் தளர்ந்துவிடும். அதற்கு மேலும் மூன்று சுற்று மரை பிடித்திருக்கும்; ஸ்பிரிங் தளரும் முன்பே மூடி கழன்றால் தெறித்து முகத்தில் அடிக்கும்.

"அந்த மூணு சுத்து இன்னாத்துக்கு தெரியுமா? நம்ம மூஞ்சிக்கு," என்பாய்.

சரியாக அமராத பம்பரைப் பிரிக்கும்போது நீ உருளையைப் பிடித்திருப்பாய். நான் ஸ்பேனரைத் திருப்பியபடி சுற்றுகளை எண்ண வேண்டும். உதட்டுக்குள் எண்ணுவேன். "ஏய் ஊமைக்கோட்டான்! எனக்கு கேக்காம நான் எப்போ தள்ளி நிக்கறது? திருமுல்லைவாயிலுக்கே கேக்கணும், கத்துடி!"

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு, உன் இடத்துக்கு வந்தவளிடம் ஜாடையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று பம்பர்களை ஏற்ற வண்டி வாசலில் நின்றது. காலையில் கழன்ற மூடியை சூப்பர்வைசர் அண்ணனிடம் நீட்டினேன். அவருக்கு அவசரம். "முடுக்கினா உக்காருதுல்ல? அப்றம் இன்னா?"

"முடுக்கறதுக்கு இல்லண்ணா. என்னிக்கோ கழட்டப் போறவங்க மூஞ்சிக்கு."

அவர் மூடியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அட, உனக்குப் பேச வருமா?"

"எண்ணவும் வரும்ண்ணா."

அதே வெற்று உருளையில் அவர் கண்முன்னே கழற்றினேன். ஒன்று, இரண்டு என்று என் குரல் ஷெட்டின் தகரத்தில் பட்டுத் திரும்பியது. பக்கத்து லேத்தை யாரோ நிறுத்தினார்கள். ஏழில் மூடி என் கைக்கு வந்தது. "ஸ்பிரிங் உள்ள இருந்தா இன்னும் ஒரு சுத்து உதைக்கும்," என்றேன். அவர் மூடியை வாங்கி, மரையை நகத்தால் வருடினார். பிறகு மூடிப் பெட்டிகளைச் செய்தவர்களுக்கே திருப்பி அனுப்பச் சொன்னார். பம்பர் ஏற்ற வந்த வண்டி காலியாகப் போனது.

உன் கையுறை எனக்குக் கொஞ்சம் பெரிது. பரவாயில்லை. நாளை வேறு மூடிகள் வரும். முதல் மூடியை நான்தான் கழற்றுவேன். பதினொன்று வரை எண்ணுவேன். திருமுல்லைவாயிலுக்குக் கேட்கும்.