சரிபார்த்தவர்

2025 ஜூன் 3, செவ்வாய்

மே மாத அறிக்கை இன்று போய்விட்டது. பதினொரு முன்பள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் நாலு இலக்கம்: திறந்த நாட்கள், பிள்ளைகள், ஆசிரியைகள், கொடுத்த காலை உணவு. கொழும்பிலிருந்து அரச மானியம் எங்கள் சங்கத்துக்கு வருகிறது. சங்கம் அதைப் பதினொன்றாகப் பிரித்துக் கொடுக்கிறது. கொடுத்தது பிள்ளைகளுக்குத்தான் போய்ச் சேர்ந்ததா என்று மாதாமாதம் எழுதி அனுப்புவது நான். பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு.

அறிக்கையின் அடியில் கையெழுத்துக்கு இரண்டு கோடு இருக்கும். ஒன்றில் ‘தயாரித்தவர்’, மற்றதில் ‘சரிபார்த்தவர்’. தயாரிப்பது நான், சரிபார்ப்பது றோசா அக்கா என்று இருந்தது. அவ ஜனவரியில் ஓய்வு பெற்று லண்டனில் மகளிடம் போய்விட்டா. புது ஆள் வரும்வரை தற்காலிகமாக இரண்டு கையெழுத்தையும் என்னையே போடச் சொன்னார் செயலாளர் ஸமட் சேர். அவருடைய அகராதியில் தற்காலிகம் என்றால் எவ்வளவு காலம் என்று இந்தக் கந்தோரில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டு கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கக் கூச்சமாக இருப்பதால் இரண்டாவதைக் கொஞ்சம் சரித்துப் போடுகிறேன். யாரை ஏமாற்ற இந்தக் கூத்து?

றோசா அக்கா இருந்தபோது ஒவ்வொரு இலக்கத்துக்கும் வழக்கு. மாவடிப்பள்ளி முன்பள்ளியில் ஒரு மாதத்துக்குள் ஆறு பிள்ளை எப்படிக் கூடியது என்று கேட்டு ஒரு பகல் முழுக்க என் உயிரை எடுத்திருக்கிறா. அப்போது எரிச்சல் வரும். இப்போது என் பக்கத்துக் கதிரையில் ஃபைல்கள் குந்தியிருக்கின்றன. அவை ஒன்றும் கேட்பதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். நஜ்லா வட்டிலப்பம் கொண்டுவந்தாள். இரண்டு ஒழுங்கை தள்ளி அவளுடைய வீடு. வீட்டின் முன்பக்கத்தில்தான் அவளுடைய முன்பள்ளி, எங்கள் பதினொன்றில் ஒன்று. என்னைவிடப் பத்து வயது இளையவள். கந்தோரில் ‘மிஸ்’ என்பாள், வீட்டுக்கு வந்தால் ‘அக்கா’. நோன்பு மாதம் முழுக்கப் பின்நேரங்களில் கஞ்சி கொண்டுவந்து தந்தவள். எனக்கு அது தவக்காலம், அவளுக்கு நோன்பு. இரண்டு பேரும் பசியைப் பற்றிக் கதைத்துச் சிரித்துக்கொண்டிருப்போம்.

இந்தக் கிழமை ஏழு நாளிலும் என் படலையைத் திறந்து உள்ளே வந்த ஒரே ஆள் அவள்தான். தம்பி டெஸ்மன்ட் கனடாவிலிருந்து இன்று போன் எடுத்தான். ஐந்து நிமிடம், அதில் மூன்று நிமிடம் அங்கத்தைய காலநிலை.

ஜூன் 19, வியாழன்

கொழும்பிலிருந்து கடிதம். ஜூலை முதல் கிழமை கணக்காய்வுக்கு வருகிறார்கள். மூன்று முன்பள்ளிகளை நேரில் பார்ப்பார்களாம். காரைதீவில் ஒன்று, சம்மாந்துறையில் ஒன்று, அடுத்தது நஜ்லாவுடையது. நல்லது. அவளுடைய பதிவேடுதான் பதினொன்றிலும் சுத்தமானது.

ஜூலை 2, புதன்

வந்தவர் ஒரு நடுவயதுப் பெண் அதிகாரி. தமிழ் நன்றாகக் கதைக்கிறார், குரல் உயர்த்துவதே இல்லை. நஜ்லாவின் வரவுப் பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகத் தட்டினார். பெப்ரவரி இருந்தது. அடுத்த பக்கம் ஏப்ரல். மார்ச் எங்கே என்று கேட்டார்.

“மார்ச் முழுக்க நோன்பு மெடம். எங்கட முன்பள்ளியெல்லாம் பூட்டு” என்றாள் நஜ்லா. ஊரில் நாலு வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும்.

அதிகாரி தன் கையிலிருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். எங்கள் மார்ச் அறிக்கை. நஜ்லாவின் முன்பள்ளி: திறந்தது பதினேழு நாள், பிள்ளைகள் இருபத்தாறு, அத்தனை நாளும் காலை உணவு. அந்த உணவுக்கான பணமும் மே மாதம் அவளுக்குப் போயிருக்கிறது. பழைய நிலுவை என்று நினைத்துவிட்டாளாம்.

நஜ்லா என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. ‘நீங்க சொல்லுங்க அக்கா’ என்பது போலப் பார்த்தாள். தாளின் அடியில் என் இரண்டு கையெழுத்தும் இருந்தன, ஒன்று நேராக, மற்றது சரிந்து.

தேடிப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன்.

ஜூலை 3, வியாழன்

தேட என்ன இருக்கிறது? அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு மாதமும் நான் கணினியில் புதிதாக அட்டவணை போடுவதில்லை. போன மாதத்தை அப்படியே எடுத்து, மாதத்தின் பேரை மாற்றி, முன்பள்ளிகள் அனுப்பும் துண்டுத் தாள்களைப் பார்த்துப் பழைய இலக்கத்தின் மேல் புது இலக்கத்தை அடிப்பேன். மார்ச்சில் பூட்டியிருந்த மற்ற முஸ்லிம் முன்பள்ளிகள் எல்லாம் ‘நோன்பு விடுமுறை’ என்று ஒரு வரி எழுதித் துண்டு அனுப்பியிருந்தன. அவற்றுக்குப் பூச்சியம் அடித்தேன். நஜ்லாவிடமிருந்து மட்டும் துண்டு வரவில்லை. ஏன் வரவில்லை? கஞ்சி கொண்டுவந்த ஒரு நாள் படலையடியில் நின்று கேட்டாள், துண்டு என்னத்துக்கு அக்கா, உங்களுக்குத் தெரியுந்தானே என்று. ஓம், தெரியும், கரைச்சல்படாதே என்றேன்.

தெரியும். தெரிந்து என்ன செய்தாய்? துண்டு இல்லை, ஆகவே கை அந்த வரிக்குப் போகவில்லை. பெப்ரவரி அப்படியே மார்ச்சுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்து வேறு. என்னத்தடி சரிபார்த்த? அவ தந்த கஞ்சியைக் குடிச்சுப்போட்டு அவட முன்பள்ளி திறந்து கிடந்ததெண்டு எழுதியிருக்கிறாய். விசரி.

ஜூலை 4, வெள்ளி

ஜும்மாவுக்குப் போகுமுன் ஸமட் சேர் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“மார்ச்சில விசேட வகுப்பு வெச்ச எண்டு நஜ்லா ரீச்சர் ஒரு கடிதம் தரட்டும். அதுக்குப் போட்ட பதிவேடு துலைஞ்சி போன எண்டு சொல்லுவம். உங்கட பேர் வெளிய வராது.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. பிழை எங்கள் கந்தோரில்தான் என்று தெரிந்தால் பதினொன்றுக்கும் மானியம் நிற்கும் என்று பயப்படுகிறார். பிள்ளைகள் முந்நூறு பேர் வரை. நஜ்லா கடிதம் தராவிட்டால் பொய்க் கணக்குக் காட்டியவள் என்று அவளை மட்டும் பட்டியலிலிருந்து எடுப்பார்கள். நான் வாயைத் திறந்தால் என் வேலை போகும். எனக்கு நாற்பத்தெட்டு வயது. இதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நானும் நின்றேன்.

ஜூலை 5, சனி

வெளியே போகவில்லை. ஒருவரும் வரவுமில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்தேன், நஜ்லா படலையடியில் நின்றாள். உள்ளே வந்து கதிரை நுனியில் இருந்தாள். தேநீர் வைத்தேன், தொடவில்லை. ஸமட் சேர் ஆளனுப்பிக் கடிதம் கேட்டிருக்கிறார்.

“நோன்போட இருந்த மாசத்தப் பத்திப் பொய் எழுதச் சொல்றாங்க அக்கா. என்னால ஏலா. அந்த இலக்கம் எங்கால வந்த எண்டு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் சொன்னது: “யோசிச்சுச் சொல்றன் நஜ்லா.”

அவளுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. முகத்தைப் பார்த்தேன், பிறகு பார்க்க முடியவில்லை. ‘சரி மிஸ்’ என்று எழும்பினாள். என் வீட்டுக்குள் நின்று அவள் என்னை மிஸ் என்றது இதுதான் முதல் தடவை.

ஜூலை 7, திங்கள்

நித்திரை இல்லை.

ஜூலை 9, புதன்

கடிதம் எழுதினேன். முதலாவதில் கணினியில் பழி, இரண்டாவதில் வேலைப் பளு, மூன்றாவதில் றோசா அக்காவின் இடம் நிரப்பப்படவில்லை என்ற முறைப்பாடு. எல்லாம் உண்மைதான், எல்லாவற்றையும் கிழித்தேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

‘மேற்படி முன்பள்ளி மார்ச் மாதம் முழுவதும் நோன்பு விடுமுறையில் பூட்டியிருந்தது. அறிக்கையில் உள்ள இலக்கங்கள் பெப்ரவரி மாதத்துக்குரியவை. அவற்றை மாற்றாமல் விட்டவர் நான். சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டவரும் நான். முன்பள்ளியின் பொறுப்பாசிரியைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.’

கொழும்புக்கு அனுப்பிவிட்டுத்தான் ஸமட் சேரிடம் பிரதியைக் கொடுத்தேன். முதலில் கொடுத்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். அவர் இரண்டு தரம் வாசித்தார். “எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மிஸ்” என்றார். பிறகு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 25, வெள்ளி

முடிவு வந்தது. மற்றப் பத்து முன்பள்ளிகளின் மானியத்துக்கும் தடை இல்லை. நஜ்லாவின் பேரில் குற்றம் இல்லை, ஆனால் மேலதிகமாகப் போன பணம் சரிக்கட்டப்படும்வரை அவளுடைய கொடுப்பனவு நிறுத்தம். எனக்கு எழுத்து மூல எச்சரிக்கை, இந்த வருடச் சம்பள உயர்வு இல்லை. வேலை இருக்கிறது. ஸமட் சேர் எனக்காகக் கதைத்திருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன், அவர் சொல்லவில்லை.

இனி நான் ‘சரிபார்த்தவர்’ இல்லை. சங்கத்தின் பொருளாளர், காரைதீவுப் பாக்கியராசா மாஸ்டர், மாதாமாதம் வந்து பார்த்துக் கையெழுத்திடுவார். கொழும்பு இன்னொரு விதியும் போட்டிருக்கிறது. அறிக்கை போகுமுன் ஒவ்வொரு பொறுப்பாசிரியைக்கும் நான் தொலைபேசி எடுத்து, அவர்களுடைய இலக்கங்களை வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். நேரத்தைக் குறிக்க வேண்டும்.

ஒவ்வொரு பொறுப்பாசிரியைக்கும். அவளுக்கும்தான்.

ஓகஸ்ட் 4, திங்கள்

பத்துப் பேருக்கும் எடுத்து முடித்தேன். பதினொன்றாவதாக நஜ்லாவின் நம்பர். எடுத்தாள். திறந்த நாள் வாசித்தேன். ‘சரி.’ பிள்ளைகள். ‘சரி.’ ஆசிரியைகள். ‘சரி.’ காலை உணவு. ‘சரி.’ வைத்துவிட்டாள்.

நாலு சரி. குறிப்பேட்டில் நேரம் எழுதினேன்: 10.42.

ஓகஸ்ட் 13, புதன்

சந்தையில் மீன் வாங்கும்போது பக்கத்தில் நின்றவர்கள் கதைத்தார்கள். பூட்டிக் கிடந்த முன்பள்ளிக்குச் சாப்பாட்டுக் காசு எடுத்தவள் என்று. யாரைச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. அது நான் விட்ட பிழை என்றேன், அந்த மனிசியில் ஒரு பிழையும் இல்லை என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர்கள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

கொழும்பு குற்றம் இல்லை என்று எழுதுவதற்கும் ஊர் சொல்வதற்கும் இடையில் எவ்வளவு தூரம்.

செப்ரெம்பர் 4, வியாழன்

இன்று நஜ்லாவுக்கு இலக்கம் வாசிக்கும்போது ஆசிரியைகள் ‘இரண்டு’ என்றேன். “ஒண்டு. மற்றவ போயிட்டா, சம்பளம் ரெண்டு மாசமாக் குடுக்க ஏலாமப் போச்சி” என்றாள். திருத்தினேன். எல்லாவற்றுக்குமாக மன்னிப்புக் கேட்டேன். போனில், அறிக்கைக்கு நடுவில், அசட்டுத்தனமாக.

பிறகு சொன்னாள்: “கடிதம் குடுத்த நல்லம் மிஸ். பிழை ஆருக்கும் வரும். ஆனா அண்டைக்கு நீங்க யோசிக்கணும் எண்டீங்க. அதத்தான் என்னால மறக்க ஏலாம இரிக்கி.”

பிறகு, காலை உணவு எவ்வளவு என்று அவளே கேட்டாள். வாசித்தேன். சரி என்றாள்.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

என் பிறந்த நாள். டெஸ்மன்ட் மறந்துவிட்டான். நானும் பின்நேரம்தான் நினைத்தேன். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குள் கொஞ்சம் சத்தமாகக் கதைத்துப் பார்த்தேன். குரல் கரகரத்தது, காலையிலிருந்து ஒரு சொல்லும் வெளியே வரவில்லை போலும்.

யோசிச்சுச் சொல்றன். அந்த மூன்று நாளும் எதை யோசித்தேன்? அவளை இல்லை. என் சம்பளத்தை.

செப்ரெம்பர் 29, திங்கள்

நஜ்லாவின் கொடுப்பனவை விடுவித்திருக்கிறார்கள். நிலுவையும் சேர்த்து. ஸமட் சேர் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, நீங்களே சொல்லுங்க என்றார். நான் சொல்லவில்லை. அவரையே சொல்லச் சொன்னேன். அந்த நல்ல செய்தி என் வாயிலிருந்து போகக் கூடாது என்று இருந்தது.

ஒக்ரோபர் 3, வெள்ளி

செப்ரெம்பர் மாத இலக்கங்கள். பாக்கியராசா மாஸ்டர் காலையிலேயே வந்து சிவப்புப் பேனையால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டுவிட்டார். ஒன்றுக்கு என்னிடம் விடை இருந்தது, மற்றதுக்கு இல்லை. சண்டை பிடித்தோம். நன்றாக இருந்தது.

நஜ்லாவுக்கு எடுத்தேன். திறந்த நாள் இருபத்திரண்டு என்று வாசித்தேன்.

“இல்ல, இருபத்தொண்டு. மீலாத் அண்டு பூட்டுத்தானே.”

துண்டைப் பார்த்தேன். அவளுடைய கையெழுத்தில் தெளிவாக இருபத்திரண்டு என்றுதான் இருந்தது. சொன்னேன். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். பிறகு, மூன்று மாதத்துக்குப் பிறகு, அவள் சிரிப்பு. தானே பிழையாக எழுதிவிட்டாளாம். அதுக்குத்தானே வாசிக்கிறம் என்றேன்.

மற்ற மூன்றையும் வாசித்தேன். புது ஆசிரியை சேர்ந்திருக்கிறாவாம், ஆசிரியைகள் மறுபடி இரண்டு. எல்லாம் சரி. வைப்பாள் என்று காத்திருந்தேன்.

“மாசம் முடிஞ்சாத்தானா அக்கா உங்களுக்கு என்ட நம்பர் ஞாபகம் வாற?” என்றாள்.

பதிலுக்கு அவள் நிற்கவில்லை, பிள்ளைகள் கூப்பிட்டார்கள்.

ஒக்ரோபர் 15, புதன்

மாதத்தின் நடு. துண்டுகள் ஒன்றும் வரவில்லை, நஜ்லாவுக்கு வாசித்துக் காட்ட ஒரு இலக்கமும் கையில் இல்லை.

எடுத்தேன்.