அம்பாந்தோட்டைக்கு எந்த வழி

மாத்தளை, 1963

மார்ச் 2, சனி

பெருநாள் பலகாரம் டின்னின் அடியில் தூளாகிக் கிடந்தது. அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது தெருவையே உதறிக்கொண்டு ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் இவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார். ஊருக்குத் திரும்புகிற தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கினாராம். இடப்பக்கம் ஒரு பெட்டி ஒட்டியிருக்கிறது. அதற்குச் சைட்கார் என்று பெயர்.

"ஒனக்குத்தான் நூரு" என்றார். மிளகு மூட்டை ஏற்றத்தான் வாங்கியிருப்பார், என்னைக் கண்டதும் பேச்சு மாறிவிட்டது. பதினான்கு வருஷக் குடித்தனத்தில் இதுகூடத் தெரியாதா? ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மூட்டைக்கு அளவான இடம். இப்போதெல்லாம் எனக்கும் அதே அளவுதான்.

மார்ச் 3, ஞாயிறு

அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்டேன். காலையில் எழுந்ததும் அவள் முகத்தைத்தான் துடைக்கிறார்.

மார்ச் 6, புதன்

அம்பாந்தோட்டையிலிருந்து தங்கச்சி ஸுலைஹா ஆள் அனுப்பியிருக்கிறாள். மாதக் கடைசியில் அவள் மகளுக்கு நிக்காஹ். "நானாவும் வாறார், மச்சானும் வரணும். ரெண்டு பேர்ல ஒராள் வராட்டியும் பந்தலப் பிரிச்சுப் போட்டுருவேன்" என்று சொல்லியனுப்பியிருக்கிறாள்.

சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. என் கூடப்பிறந்த மூத்தவர் இத்ரூஸ் நானாவும் இவரும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. எல்லாம் நானா இருக்கும் காலி ஊரில், அவர் மகனுடைய சுன்னத் கல்யாணத்தில் வந்த வினை. பெரிய தாம்பாளத்தில் சோறு போட்டுச் சஹன் வைத்து, சுற்றி ஆறு ஆறு பேராகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். வீட்டு மருமகனான மாப்பிள்ளைக்கு முதல் சஹன் என்பது இவருடைய நியாயம். வீட்டு ஆட்கள் விருந்தாளிக்குப் பிறகுதான் என்பது நானாவின் நியாயம். சொந்தத் தம்பிபோல் நினைத்து இவரைக் கடைசிச் சஹனில் வைத்தார் நானா. அந்தச் சஹன் வருவதற்குள் பொரித்த கோழி தீர்ந்துபோயிற்று. இவர் சோற்றில் கை வைக்காமலே எழுந்துவிட்டார்.

ஒரு கோழி. ஆறு வருஷம்!

நான் தனியாகக் காலிக்குப் போக இவர் தடை சொன்னதில்லை. ஆனால் புருஷன் இல்லாமல் பிறந்த வீட்டு வாசலில் பெட்டியோடு இறங்கினால், "என்ன நடந்த?" என்று தெருவே கேட்கும். அதனால் போகவே இல்லை. இப்போது இரண்டு பேரும் முதன்முதலாகக் கல்யாணச் சபையில் முகம் பார்த்தால், ஒருவர் எழுந்து போவது நிச்சயம். பிள்ளையின் கல்யாணம் நாறிப்போகும். அதற்கு முன்னால் காலியில், நானாவின் வாசலிலேயே இது முடிய வேண்டும். எனக்கு நானாவைப் பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

மார்ச் 8, வெள்ளி

ஜும்ஆ முடிந்து நம்முடைய கடைவாசலில் மாநாடு. அம்பாந்தோட்டைக்கு மோட்டார் சைக்கிளில்தான் பயணமாம். அதற்கு மலை வழியா, கடல் வழியா? நுவரெலியா, பண்டாரவளை என்று ஏறி இறங்குவதா, கொழும்பு, காலி, மாத்தறை என்று கடலோரம் சுற்றுவதா? நாவுல ஊருக்குப் பஸ் ஓட்டும் ஜுனைதீன் மலைக் கட்சி. பக்கத்துப் புடவைக்கடை பதுர்தீன் கடல் கட்சி.

"மோட்டார் சைக்கிள்ண்டா மலை ஏறணும் மச்சான். சமதரையில ஓட சைக்கிள் போதாதா?" என்றார் ஜுனைதீன்.

"ரம்பொடை வளைவுல பெட்டி கழண்டு பள்ளத்துல போனா? கடலோரமாப் போங்க. காத்து வாங்கிட்டுப் போகலாம்" என்றார் பதுர்தீன்.

நான் உள்ளே இஞ்சி தட்டிப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். கழன்று போகப்போகிற அந்தப் பெட்டிக்குள் யார் இருப்பார் என்று ஒருவராவது கேட்டாரா?

இவர் மலைக் கட்சியில் சேர்ந்துவிட்டார். கடலோரத்து உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடுமாம். இரண்டு நாளில் தின்றுவிடுமா? காலி என்று ஓர் ஊர் இலங்கையில் இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

மலை வழியிலும் ஒரு வாசல் இருக்கிறது. பண்டாரவளையில் இருப்பது இவருடைய அக்கா, மூத்த ராத்தா, எங்கள் மஸூதா மதினி. சொந்தக்காரர் வாசலைத் தாண்டிப் போவது எங்கள் ஆட்களிடம் முகத்தில் அடித்த மாதிரி, ஒரு மிடறு தேத்தண்ணியாவது குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். மதினியோ, மோட்டார் சைக்கிள் பக்கமே போகக் கூடாது என்று இவரிடம் சத்தியம் வாங்கியவர். இவர் வண்டி வாங்கிய விஷயம் பண்டாரவளைக்கு இன்னும் போகவில்லை.

"மதினி வாசல்ல சக்களத்திய எங்க ஒளிப்பீங்க?" என்று கேட்டேன்.

"முக்காடு போட்டுடுவேன்" என்றார்.

மார்ச் 14, வியாழன்

பின்னேரமானால் இவர் உக்குவளை ரோட்டுக்குப் போகிறார். திரும்பும்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வருகிறார். கேட்டால் என்ஜின் பரீட்சை என்கிறார். பதுர்தீனின் வீடு அங்கேதான் ரோட்டோரம். இன்று அவர் கடையில் எனக்குச் சீலை காட்டும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ராத்தா, ஒங்கட மனிசர்ட பைக் தெனமும் எங்கட வீட்டடியில செத்துப்போகுது. மொத நாள் நாலு வீடு தள்ளி. மறுகா ரெண்டு வீடு தள்ளி. நேத்து சரியா எங்கட கேட்டடியில."

இரவு சாப்பாட்டில் கேட்டேன். பெற்றோல் தாங்கிக்குக் கீழே, வழியை மூடித் திறக்கும் சின்னத் திருகு ஒன்று இருக்கிறதாம். ஓடும்போதே அதை மூடினால் உள்ளே இருக்கிற பெற்றோலில் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கிறாராம். "எறக்கத்துல மூடிட்டு எறங்கினா எவ்வளவு மிச்சம் தெரியுமா?"

இறக்கம் என்றால் மலை. அப்படியானால் மலைதான்.

மார்ச் 17, ஞாயிறு

இன்று வாய் விட்டுக் கேட்டேன். "காலியாலப் போவமே."

"காலில எனக்கு என்ன வேல?"

எனக்கு வேல ஈக்கு, எனக்கு! வாப்பா மவுத்தானப்போ எங்கள எல்லாம் தோளில போட்டு வளத்த மனிசன் அங்க ஈக்கிறார். ஒரு கோழிக்குப் போய் இப்படியா? நான் என்ன தங்கமா கேட்டேன், வைரமா கேட்டேன் – ஒரு நாள். ஒரே ஒரு நாள். மலையாம், குளிராம், என்ஜினாம். அந்த என்ஜினையே கட்டிக்கிட்டு மலை உச்சியில குடியிருக்கட்டும்.

அழுதேன். வெங்காயம் எதுவும் வெட்டவில்லை.

மார்ச் 18, திங்கள்

பேசவில்லை. அவரும் பேசவில்லை. சக்களத்திக்கு எண்ணெய் போட்டார்.

மார்ச் 23, சனி. கொழும்பு

மருதானையில் இவருடைய சாச்சாவின் வீட்டில் இருந்து எழுதுகிறேன். ஆமாம், கொழும்புதான்.

விடியற்காலை ஸுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். என் மடியில் தொதல் பலகாரச் சட்டி, காலடியில் கல்யாணச் சாமான். பேராதெனியாவில் பாதை பிரிகிறது. இடப்பக்கம் திரும்பினால் கம்பளை, பிறகு மலை. நேரே போனால் கொழும்பு. நான் கண்ணை மூடிக்கொண்டு திரும்புவதற்காகக் காத்திருந்தேன். திரும்பவில்லை. கண்ணைத் திறந்தால் கடுகண்ணாவைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

"கம்பளைப் பக்கம் மேகம் கருத்துக் கெடக்கு. மழையில ஏறேலா" என்று கத்தினார்.

திரும்பிப் பார்த்தேன். மார்ச் மாத வானம், கழுவித் துடைத்த பீங்கான் மாதிரி இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மேகம் கலைந்துவிடுமே!

ஆனால் இப்போது படுக்கப் போகுமுன் சொல்கிறார்: "காலியில நிக்க மாட்டேன், சொல்லிட்டேன். நேரா மாத்தறைதான்." நானாவின் வீடு மாத்தறை ரோட்டோரம்தான் இருக்கிறது. இந்தச் சத்தத்தோடு அந்த வாசலைத் தாண்டிப் போனால் நானா பார்க்காமலா இருப்பார்? அதற்கு மலையே மேல். அல்லாஹ்வே, இந்த மனிதரை எந்த மண்ணில் செய்தாய்?

மார்ச் 24, ஞாயிறு. காலி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலிப் பட்டணம் தாண்டி மாத்தறை ரோட்டில் ஏறியபோது இவர் வேகத்தைக் கூட்டினார். நான் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன், நானா கண்டுவிடக் கூடாதென்று. சைட்காரில் உட்கார்ந்தால் என் கண்ணுக்கு நேரே இருப்பது பெற்றோல் தாங்கியின் அடிப்பக்கம். நானாவின் வீட்டுப் பலாமரம் தூரத்தில் தெரிந்தது. இவருடைய கை மெதுவாகக் கீழே வந்தது. அந்தச் சின்னத் திருகை மூடிவிட்டு மேலே போயிற்று. பார்வை ரோட்டிலேயே இருந்தது.

உக்குவளை ரோட்டில் வேர்க்க வேர்க்கத் தள்ளியது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

சக்களத்தி இருமினாள், விக்கினாள், சரியாக நானாவின் கேட்டடியில் செத்தாள். பதுர்தீன் வீட்டுக் கேட்டில்கூட இவ்வளவு கச்சிதமாக நின்றிருக்க மாட்டாள்.

"சனியன். இங்கதானா நிக்கணும்?" என்று இவர் சத்தமாகச் சொன்னார். நான் தொதல் சட்டியைப் பார்த்தபடி இருந்தேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

நானா வெளியே வந்தார். தாடி நரைத்துவிட்டது. என் தலையில் கையை வைத்தார். நான் அழுதேன். இவர் என்ஜினையே உற்றுப் பார்த்துக்கொண்டு, "வழியில நிண்டு போச்சு. இல்லாட்டி நாங்க நேரா போறதுதான்" என்றார்.

நானா லொறி கராஜ் வைத்திருப்பவர். குனிந்து பார்த்தார். திருகு மூடியிருந்ததைக் கண்டார். அவர் கண்டதை நான் கண்டேன். நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டு முகத்தைக் கடுமையாக வைத்தபடி சொன்னார்:

"இது சின்ன வேல இல்ல மச்சான். கொழும்புலேருந்து சாமான் வரணும். ரெண்டு மூணு நாள் செல்லும்."

"அப்ப என்ன செய்ற?" என்றார் இவர்.

"என்ன செய்ற? உள்ளுக்கு வாங்க."

பகல் சாப்பாட்டுக்குச் சஹன் வைத்தார்கள். சுற்றி நானாவும் இவரும் நானாவின் மகன்களும். சோற்றின் மேலே முழுசாக இரண்டு கோழி! இவர் ஒரு காலைப் பிய்த்து முதலில் நானாவின் பக்கம் வைத்தார்.

மார்ச் 25, திங்கள்

கொழும்பிலிருந்து சாமான் இன்னும் வரவில்லை. யாரும் அவசரப்படவில்லை.

மார்ச் 27, புதன்

சாமான் வந்துவிட்டதாம். நானா அதிகாலையில் தனியாகப் போய் அதை வண்டியில் 'பூட்டினார்.' முதல் உதையிலேயே கிளம்பிற்று. "ஒங்களுக்குக் கைராசி மச்சான்" என்றார் இவர். "சாமான் நல்ல சாமான்" என்றார் நானா.

நானாவின் பெண்சாதியும் பிள்ளைகளும் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். நானா இவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பக்கத்துப் பெட்டியில் நான். தங்காலை வரை இரண்டு பேரும் என்னை மறந்து என்ஜின் கதைதான் பேசினார்கள்.

மார்ச் 31, ஞாயிறு. அம்பாந்தோட்டை

நிக்காஹ் முடிந்தது. ஸுலைஹாவின் பந்தல் பத்திரமாக நிற்கிறது. வந்தவர்களுக்கு விளம்பி முடித்துவிட்டுக் கடைசிச் சஹனில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். கோழி தீர்ந்துபோயிருந்தது. உருளைக்கிழங்கைப் பிட்டுச் சாப்பிட்டார்கள்.

ஏப்ரல் 7, ஞாயிறு. மாத்தளை

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நானா குடும்பத்தோடு இங்கே வருகிறார். இவர் இப்போதே கோழி விலைக்குப் பேசுகிறார்.

கடைவாசலில் கேட்பவர்களுக்கெல்லாம், "என்ஜின் நிக்காட்டி நான் அந்தப் படி மிதிச்சிருக்க மாட்டேன்" என்கிறார். நானும் உள்ளே இருந்து, "எல்லாம் அந்த என்ஜினாலதான்" என்று ஒத்து ஊதுகிறேன்.

கல்யாணத்துக்கு வந்த யாரோ பண்டாரவளைக்குச் செய்தி கொண்டுபோய்விட்டார்கள். மோட்டார் சைக்கிள் விஷயம் தெரிந்து மஸூதா மதினி கொதிக்கிறாராம். இனி அவன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். "அப்படியா? முழிக்கத் தேவயில்ல" என்று இவரும் வீறாப்பாகச் சொன்னார்.

பின்னேரம் ஆளைக் காணவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்த ஜுனைதீன்தான் சொன்னார், பண்டாரவளை மாதிரி ஏற்றமான இடமாகப் பார்த்து, யாரோ ஒருவருடைய கேட்டடியில், என்ஜின் செத்த சக்களத்தியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறாராம்.