ராசு அண்ணன் கொடுத்த வாக்கு

ஜூலை 14, திங்கள்

மூன்றாம் நாளாக மழை. தபால் நிலையக் கூரை மறுபடி ஒழுகல். முத்திரை மேசையை உள்ளே நகர்த்தினேன்.

ராசு அண்ணனுக்கு டில்லியில் விருது. நாட்டுப் பண்பாட்டுக்கு வாழ்நாள் பங்களிப்பு என்று டிவியில் சொன்னார்கள். இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, இதே ஓவேலித் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவர். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணும்போது அவர் முணுமுணுத்த பாட்டுகள்தான் இன்று ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களில். டில்லி போகும் முன், வரும் ஞாயிறு இங்கே பாராட்டு விழா. செயலாளர் நான். கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்.

பந்தல். மைக். சால்வை. வரவேற்பு மடல் (நான்). மாலை போட பாக்கியம் அக்கா. அண்ணனோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர், அவருடைய ஆரம்பப் பாட்டுகளுக்குப் பின்பாட்டு. "மாலை போடுறப்ப ரெண்டு வரி பாடிருவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

சாயங்காலம் வனக்காவலர் வந்தார், மலையாளத்துக்காரர். "சேச்சி, நாலாம் நம்பர் தேயிலைக் காட்டுல ஒத்தக் கொம்பன் ஆனை. பார்த்து நடக்கணும்."

என் வீட்டுக்காரருக்கு இந்த வாரம் காலை ஆறு மணி ஷிஃப்ட். ஃபேக்டரிக்கு அந்தப் பாதைதான்.

ஜூலை 15, செவ்வாய்

தோட்டத்துக் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் ஆறு வாழை சாய்ந்து கிடக்கிறது. பாதையில் சாணம், ஆவி பறக்க. இவர் செருப்பில் மிதித்துக்கொண்டு வந்தார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாதைக்கு விளக்கு கேட்டு அனுப்பிய மனுக்களை நான்தான் பதிவுத் தபாலில் சேர்த்தேன். எத்தனை என்பது மறந்துவிட்டது.

மடல் பாதி. 'தேயிலையின் குரல்' என்று எழுதி அடித்தேன்.

ஜூலை 16, புதன்

இன்று கொம்பனின் சத்தமே இல்லை. நாய்கள்கூடக் குரைக்கவில்லை. காவலர் சொன்னார், போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், நிற்கிறது.

ஜூலை 17, வியாழன்

பாக்கியம் அக்கா போய்விட்டார்.

காலை ஆறேகால். பெரட்டுக்குப் போகும் வழி. மூடுபனிக்குள்ளிருந்து கொம்பன். கூட வந்தவர்கள் ஓடினார்கள், அக்காவுக்கு முழங்கால் வலி. இவர் அதே வளைவை அரை மணி முன்னால் கடந்திருக்கிறார்.

உடலை முக்கு ரோட்டில் வைத்து மறியல். பாதைக்கு விளக்கு, காட்டோரம் அகழி. அதுவரை எடுக்கமாட்டோம். அதிகாரிகளின் ஜீப்புகள் வந்தன. பேசினார்கள். யாரும் அசையவில்லை.

நான்கு மணிக்கு ஓர் அதிகாரி தபால் நிலையத்துக்கே வந்தார், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். "ஏனுங்க, பாடகர் நம்பர் உங்ககிட்ட இருக்குங்களா? அவரு சொன்னா இவங்க கேப்பாங்க."

கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாதோ. உடல் மழையில் கிடந்தது. அதை நினைத்துத்தான் கொடுத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

அண்ணன் பதினொரு மணிக்கு வந்தார். அக்காவின் தலைமாட்டில் சேற்றிலேயே உட்கார்ந்தார். யாரோ "ஒரு ஒப்பாரி பாடுங்கண்ணே" என்றார்கள். முடியாது என்று தலையசைத்தார். பிறகு அதிகாரிகள் அவரைக் காருக்குள் கூப்பிட்டுப் பேசினார்கள். கண்ணாடி ஏற்றியிருந்தது.

வெளியே வந்து சொன்னார்: "பத்து நாள்ல விளக்கும் அகழியும் வந்துரும். எங்கிட்ட வாக்குக் குடுத்துருக்காங்க. அந்த வாக்குக்கு நான் பொறுப்பு. அக்காவை எடுப்போம்."

அக்காவின் புருஷன் ஆறுமுகம் அவரையே பார்த்தார். "நீங்க சொல்றதாலதான் எடுக்குறேன்."

எடுத்தார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

விழா வேண்டாம் என்று அண்ணன் சொல்லியும், அதிகாரிகள் பள்ளி அறைக்குள் வைத்து நடத்திவிட்டார்கள். சால்வை. போட்டோ. மடலை நான் வாசித்தேன். அண்ணன் முழு நேரமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது: "தங்கச்சி, வேலை ஆரம்பிச்சாச்சான்னு தினமும் எனக்குச் சொல்லணும். மறைக்கக் கூடாது."

ஜூலை 28, திங்கள்

பத்து நாள் இன்றோடு முடிகிறது. அகழிக்கு அளந்து நட்டது இரண்டு முளைக்குச்சி, சிவப்பு நாடா கட்டி. ஒன்று மழையில் சாய்ந்துவிட்டது.

தினமும் சொன்னேன். தினமும் அண்ணன் "சரி" என்று மட்டும்.

கொம்பன் திரும்ப வந்திருக்கிறது. நேற்று ஃபேக்டரி விறகுக் கொட்டகை வரை.

ஜூலை 29, செவ்வாய்

விருது நாள். காலையில் டில்லியிலிருந்து அண்ணன் போன்.

"விளக்கு?"

"இல்லண்ணே."

"நான் சொல்லித்தானே தூக்குனாங்க."

போனை வைத்துவிட்டார்.

பிள்ளைக்காம்பராவில் எல்லோரும் டிவி பார்த்தோம். பெயர் கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி. அங்கே எழுந்து நின்று கைதட்டினார்கள். இங்கே ஒருவரும் தட்டவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. ஆறுமுகம் எழுந்து வெளியே போனார், குடை எடுக்காமல்.

ஜூலை 31, வியாழன்

காலை ஐந்தரைக்கு இவரைக் கிளப்பிவிட்டு வாசலில் நின்றேன். பாதை முனையில் டார்ச் வெளிச்சம். பார்த்தால் அண்ணன். நேற்று மாலை பஸ்ஸில் வந்து ஆறுமுகம் வீட்டில் தங்கியிருக்கிறார். "வாங்க, முன்னால நான் போறேன்" என்று ஷிஃப்ட் ஆட்களிடம் சொல்லிவிட்டுப் பாடத் தொடங்கினார். உரக்க. அவருடைய பாட்டு, டிவியில் கேட்கிற அதே பாட்டு, ஆனால் மூச்சு வாங்க. பதினெட்டுப் பேர் பின்னால் நடந்தார்கள். ஆறேகாலுக்குப் பெரட்டு ஆட்களோடு மறுபடி.

காவலருக்குக் கோபம். "பாட்டு கேட்டா போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனையோட மனசு ஆருக்குத் தெரியும் சேச்சி?"

ஆகஸ்ட் 1, வெள்ளி

அதிகாரி எனக்குப் போன். "அவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா பெரிய பிரச்சனை ஆயிருமுங்க."

பாக்கியம் அக்காவுக்கு ஆனது என்ன பிரச்சனை என்று கேட்க வாய்வரை வந்தது. விளக்கு எப்போது என்று மட்டும் கேட்டேன். ஃபைல் போயிருக்கிறதாம்.

ஆகஸ்ட் 2, சனி

பனி, முன்னால் நிற்கிற ஆள் தெரியவில்லை. பாட்டு வளைவு வரை கேட்டது. அங்கே நின்றது.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம், தெரியாது. பிறகு மறுபடி கேட்டது, மெதுவாக, ஒரே வரி திரும்பத் திரும்ப.

இவர் பிறகு சொன்னார்: கொம்பன் பாதை நடுவில். இருபதடி. அண்ணன் கையைப் பின்னால் காட்டி எல்லோரையும் நிறுத்திவிட்டு, அதன் முகத்தைப் பார்த்தபடியே பாடியிருக்கிறார். கடைசியில் அது பக்கவாட்டில் இறங்கியது. தூரம் போகவில்லை. செடிக்குள் முதுகு தெரிந்ததாம்.

எட்டு மணிக்கு அண்ணன் இங்கே வந்தார். டீ கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

"போதும்ண்ணே."

"வாக்கு என்னோடது தங்கச்சி. விளக்கு வர்ற வரைக்கும்."

நாளை ஞாயிறு, ஷிஃப்ட் இல்லை. திங்கள் இருக்கிறது.